எங்கள் தப்பைக் கழித்தபின் மிஞ்சியது

“அடிச்சாங்களா? ஜெப வீட்டை இடிச்சாங்களா? போலீஸ், கேஸுன்னு ஏதாச்சும் உண்டா? ஒண்ணுமே இல்லியே. அப்புறம் இதுல என்னம்மா உபத்திரவம்?”

தென் மாவட்டத்திலிருந்து மாற்றலாகி எங்கள் மலைப் பள்ளிக்கு வந்த டீச்சர் இப்படிக் கேட்டபோது, நாங்கள் இருவரும் ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தோம். அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த மூன்று பக்கங்கள் இருந்தன. விசுவாசத்துக்காகப் பாடுபடுகிறவர்களை நினைத்து அடிவாரத்துச் சபையில் ஒரு ஜெபக் கூட்டம் வைத்திருந்தார்கள். மலையிலிருந்து யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அது கடைசியில் என்னிடம் வந்து நின்றது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் பேனாவால் பெயர் எழுதிய முதல் ஆள் நான்தான்.

டீச்சரின் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். சர்ச் மணி கேட்டு எழுந்து வளர்ந்தவர். நல்லவர்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

“போன வாரம் பஸ் ஜெப வீட்டுகிட்ட நிக்காமப் போச்சுன்னு நீங்கதானுங்க டீச்சர் உபத்திரவம்னு சொன்னீங்க.”

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“அந்தக் கண்டக்டர் கோயிலுக்குப் போறவங்களையும் அங்க எறக்கி உடறதில்லீங்க. அவருக்கு எல்லாச் சாமியும் ஒண்ணு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கேள்வியை விடவில்லை. “என் சித்தப்பா மகன் வடக்க ஊழியத்துக்குப் போயி மண்டை உடைஞ்சு வந்தான். தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கு. அவன்கிட்ட இந்தத் தாளைக் காட்டினா என்ன நினைப்பான்? அதைத்தான் யோசிக்கிறேன்.”

தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து மூன்று பக்கங்களையும் முதலிலிருந்து படித்தேன். முதல் வரி இப்படி இருந்தது: ‘கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதற்காக ஊர் எங்களை ஒதுக்கி வைத்தது.’ அந்த வரியிலேயே என் பேனா நின்றுவிட்டது. அது பாதி உண்மைதான்.

ஜெப வீட்டுக்கு முதலில் போனவள் அம்மா. ஏன் போனாய் என்று கேட்டால், “அங்க என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்டாங்க கண்ணு” என்பாள். ஊரில் அவளுக்குப் பெயர் கிடையாது. இன்னாருடைய தங்கை, இன்னாருடைய பெண்டாட்டி, அவ்வளவுதான். மூன்று வருடம் அவள் தனியாகவே போய் வந்தாள். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் வைக்கும் நாளில் கோயில் பக்கம் வர மாட்டாள். மறுநாள் எல்லோர் காட்டிலும் வேலைக்கு நிற்பாள். அவள் குணம் அப்படி என்று ஊர் விட்டுவிட்டது.

பிறகு அப்பாவும் ஞானஸ்நானம் எடுத்தார். அப்பாவுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. அடுத்த நோன்பிக்கு, கோயில் திருவிழாவுக்கு, ஊர்ச்சபை கூடியபோது எழுந்து நின்று, “நீங்க கும்புடறது வெறுங் கல்லு. அதுக்குக் கெடா வேற ஒரு கேடா?” என்று கேட்டுவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள். ஊர்ப் பெரியதனம் பார்ப்பவர், அதாவது ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிறவர், அம்மாவின் சொந்த அண்ணன். எனக்குத் தாய்மாமன்.

மாமா ஒன்றும் திட்டவில்லை. “இனி இவனோட மாத்தாள் கெடையாது” என்று மட்டும் சொன்னார்.

மலையில் இல்லாதவர்களுக்கு அது சின்னத் தண்டனையாகத் தெரியலாம். இன்று நான் உன் காட்டில், நாளை நீ என் காட்டில், இதுதான் மாத்தாள். கூலிக்கு ஆள் பிடித்து எங்களில் யாரும் மிளகு பறிப்பதில்லை. மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக் கூரைக்கு மேலே இரண்டு மடங்கு உயரம் போகும். மூங்கில் ஏணியைச் சாய்த்து ஒருவர் ஏற, கீழே ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தத் தை மாதம் அப்பா ஏற, அம்மாவும் நானும் பிடித்தோம். மூன்று பேரால் எவ்வளவு பறிக்க முடியும்? பழுத்த மிளகைக் குருவி தின்றது. மீதி தானாக உதிர்ந்து மண்ணோடு போயிற்று. பக்கத்துக் காட்டில் இருபது பேர் சிரித்துப் பேசிக்கொண்டு பறிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா இதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். “ஆண்டவருக்காகப் பாடுபடறோம்” என்று ஜெப வீட்டில் சொன்னார். எல்லோரும் அவருக்காக ஜெபித்தார்கள். அம்மா மட்டும் ஆமென் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், “இது ஆண்டவருக்காகப் பட்டதில்லீங்க. உங்க வாய்க்காகப் பட்டது” என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப அது கல்லு இல்லீங்கறயா?”

“கும்புடாம இருக்கறது வேற, வையறது வேற. உங்களப் பெத்தவங்களும் அதத்தான கும்புட்டாங்க? போயி மன்னிப்புக் கேளுங்க.”

மூன்று மாதம் வீட்டில் இந்தப் பேச்சுத்தான். அப்பா கரைய நேரமாகும். ஒரு நாள் பலா வெட்டிக்கொண்டிருந்தவர், கையில் பால் பிசுக்கோடு எழுந்தார். எண்ணெய் தேய்த்துக் கழுவிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, “வாங்க போலாம்” என்றார்.

மாமா வீட்டு வாசலில் ஊர் கூடியது. அப்பா நடுவில் போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “நான் வேற சாமிய நம்பறனுங்க. அதுல மாத்தமில்ல. ஆனா உங்க சாமிய வஞ்சது தப்பு. பெரியவங்க மனசு வெக்கோணும்.” கிறிஸ்தவனானவன் இப்படி விழலாமா என்று ஜெப வீட்டிலும் சிலர் பின்னால் பேசினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வட்டார அளவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். என் அப்பா புழுதியில் கிடந்தார்.

மாமா வந்து அவர் தோளைத் தொட்டார். “எந்திரி மாப்ள. நீ பேசுனது தீந்துது.”

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது மாமா திருநீற்றுத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

“அம்மிணி, நீயும் வா. நெத்தியில வெச்சுக்கிட்டு, திரும்பி வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே ஊரே உன்ற காட்டுல நிக்கும்.”

அம்மா அசையவில்லை. “வஞ்சது தப்புங்கண்ணா. அதுக்கு அவரு வுழுந்துட்டாரு. நம்பறது தப்பில்லீங்களே. அதுக்கு நான் எதுக்கு வுழோணும்?”

“உம் புள்ளைய நெனச்சுப் பாரு. காலேசுக்குச் சாதிச் சர்டிபிகேட் கேப்பாங்க. விசாரிக்க வந்தா நாந்தான் சொல்லோணும். வேற சாமி கும்புடறவளுக்கு எஸ்.டி.ன்னு எப்புடி எழுதுவாங்க? படிப்புப் போயிரும் சாமி.”

அவர் மிரட்டவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது. மதம் மாறினால் பழங்குடிச் சான்றிதழ் போய்விடும் என்று ஊரே நம்பியது. எங்கள் மூவரையும் சேர்த்துத்தான். தட்டை நீட்டியபடி அவர் நின்றார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் எடுக்காமல் திரும்பி நடந்தாள்.

என் மூன்று பக்கச் சாட்சியில் நான் எழுதாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

வீட்டுக்குள் வந்ததும் நான் கத்தினேன். “ஒரு துளி திருநீறும்மா! வாசல் தாண்டி வந்து தொடச்சுக்கிட்டாப் போவுது. ஆண்டவருக்கு உம் மனசு தெரியாதா?”

அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை. “தொடச்சா நெத்தியில இருக்கறது போயிரும் கண்ணு. வாயில சொன்னது எங்க போவும்?”

“உனக்குப் படிப்பில்ல. அதனாலதான் எனக்கும் வேண்டாங்கற.”

துடுப்பு நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள். “உன்னவிட எனக்குத்தான் நீ படிக்கோணும்னு ஆசை. நான் பொய் சொல்லி வாங்கிக் குடுத்தா, அத வெச்சுக்கிட்டு நீ என்னத்தப் படிப்ப?” என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அதைக் கவனித்தும் கவனிக்காதவளாக நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

அம்மாவைத் துன்புறுத்தியவர்கள் யார் யார் என்று யாராவது கேட்டால், என் பெயரையும் நான் சொல்லத்தான் வேண்டும். ஊர் அவளிடம் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். என் குரலில் கேட்டதால் அது அவளுக்கு இன்னும் கனமாக இருந்திருக்கும்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேந்தமங்கலத்தில் பஸ் மாறி, கீழே சான்றிதழ் தரும் ஆபீஸுக்குப் போய் நின்றேன். சண்டை போடுவதா கெஞ்சுவதா என்று தெரியாமல்தான் போனேன். மேஜைக்குப் பின்னால் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மா இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மதம் மாறினா எஸ்.டி. போயிரும்னு யாரும்மா சொன்னா?”

“ஊர்ல எல்லாருந்தானுங்க.”

“எஸ்.சி.க்குத்தான் அப்படி ஒரு சட்டம் இருக்கு. உங்களுக்கு அது கிடையாது. பொறப்பு எந்த சனம்னுதான் பாப்பாங்க. மனு எழுதிக் குடு. விசாரணைக்கு வருவாங்க, ஊர்ப் பெரியவங்க உண்மையைச் சொன்னாப் போதும். எழுதத் தெரியுமா?”

“ரொம்ப நல்லாத் தெரியுங்க” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் கொஞ்சம், மீதி வேறு. ஊர் சொன்னது முழுக்கத் தப்பு. ஆனால் அந்தத் தப்பை உண்மை என்று நம்பிக்கொண்டுதானே அம்மா தட்டை மறுத்தாள்? எனக்குப் படிப்பே போய்விடும் என்று நினைத்துக்கொண்டே மறுத்தாள். சட்டம் அவள் பக்கம் இருந்தது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னபோது அம்மா, “உங்க மாமா உண்மையச் சொல்லோணுமே” என்றாள். அந்த ஒன்றுதான் பாக்கி இருந்தது. அவர் வாயிலிருந்து ‘இவ எங்க ஆளு இல்ல’ என்று வந்தால், சட்டம் இருந்தும் எனக்குப் பயனில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அம்மா தூணுக்குப் பின்னால் நின்றாள். அதிகாரி மாமாவைப் பார்த்து, இந்தப் பெண் உங்கள் சனந்தானா என்று கேட்டார்.

மாமா பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒரு குரல், “வேதக்காரங்களுக்கு எதுக்குங்க நம்ம சர்டிபிகேட்?” என்றது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அவரு பொறப்பக் கேக்கறாரு. பொறப்பத்தான் சொல்லோணும்” என்றார். “என்ற கூடப் பொறந்தவ மவங்க இது. எங்க சனந்தானுங்க.” கட்டை விரலை மையில் தொட்டுத் தாளில் அழுத்தினார்.

போகும்போது என்னைத் தாண்டி நடந்தவர், பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டே சொன்னார்: “உங்கொப்பன் ஊரு முன்னால வுழுந்து மெய்யப் பேசுனான். நான் பொய் பேசுனா எனக்கு மரியாதையா கண்ணு?” தூண் பக்கம் அவர் திரும்பவில்லை.

அந்தக் கைநாட்டு வைத்த தாள்தான் என்னை நாமக்கல் கல்லூரிக்கு அனுப்பியது. அதுதான் பி.எட். வரைக்கும் படிக்க வைத்து, இன்று நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே கரும்பலகை முன்னால் நிறுத்தியிருக்கிறது.

ஆனால் மாத்தாள் திரும்பி வரவில்லை. ஊரில் ஒரு சாவு நடந்தால் வீடு வீடாக வந்து சொல்வார்கள். எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். பறைச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். மாமா மகள் பெரியவளானபோது முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. அது அம்மாவின் உரிமை. அதற்காக ஒரு பாவாடை, தாவணி எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். மேளம் கேட்ட அன்று, களத்தில் காய்ந்த மிளகைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ ஒருத்தி அத்தை இடத்தில் நின்று ஊற்றினாள். பாவாடை பெட்டியிலேயே இருக்கிறது. தட்டு இன்றும் நீட்டியபடிதான் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

டீச்சர் கேட்ட அன்று மாலை, இதையெல்லாம் நினைத்தபடி தாளில் வரி வரியாக அடித்துக்கொண்டே வந்தேன். மிளகு உதிர்ந்த கதையை அடித்தேன். அது அப்பாவின் வாய் செய்த வேலை. ‘சான்றிதழைத் தடுத்தார்கள்’ என்று எழுதியிருந்ததை அடித்தேன்; யாரும் தடுக்கவில்லை, எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மண்டை உடைந்து வந்தவர் பக்கத்தில் வைக்கக் கூச்சப்பட வேண்டிய பெரிய சொற்களையெல்லாம் அடித்தேன். கடைசியில் அரைப் பக்கம் மிஞ்சியது. எங்கள் தப்பு எல்லாவற்றையும் கழித்து, அதற்கு மன்னிப்பும் கேட்ட பிறகு மீதி நிற்பது எதுவோ, நம்பியதை மறுதலித்தால் மட்டும் தீரும் என்று நிற்பது எதுவோ, அதுதான் உபத்திரவம் என்று எனக்குப் பட்டது. அதில் ரத்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு பாவாடை அளவு.

அடிவாரத்துச் சபையில் அந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். அப்பா வைததையும் நான் கத்தியதையும் சேர்த்தே சொன்னேன். “நம்ம தப்பையெல்லாமா சாட்சியில சொல்லுவாங்க?” என்று முன் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது மைக்கிலேயே கேட்டது. முடிந்ததும் டீச்சர் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்க அம்மாவ ஒரு நாள் பாக்கணும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இனிமே அந்த பஸ்ஸைப் பத்திப் பேச மாட்டேன்” என்றார்.

எனக்கு அதற்குள் வேறொரு யோசனை வந்திருந்தது. மாத்தாளில் ஒரு வழக்கம் உண்டு. கூப்பிடாமலே ஒருவர் காட்டுக்கு வேலைக்கு வந்து ஏணியில் கை வைத்துவிட்டால், அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வேலையை ஏற்றுக்கொண்டால் பதிலுக்கு ஒரு நாள் அவர் காட்டில் போய் நிற்க வேண்டும். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடாமல் போகலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாமாவின் மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். மாமாவுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

போன சனிக்கிழமை பள்ளி விடுமுறை. காலையில் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. தூக்குவாளியில் இரண்டு பேருக்குக் களியும் கீரையும் வைத்துக் கையில் கொடுத்தாள்.

மாமா ஏணியின் பாதி உயரத்தில் இருந்தார். கீழே பிடிக்க ஆள் இல்லை; அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார். நான் தூக்குவாளியை மரத்தடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தேன். ஆட்டம் நின்றதும் அவர் கை நின்றது.

“யாரது?”

“நாந்தானுங்க மாமா.”

மேலே இலைகள் அசையவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பிறகு ஒரு மிளகுச் சரம் ஒடியும் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று.

“இறுக்கிப் புடி கண்ணு. மண்ணு ஈரமாக் கெடக்குது.”

அந்தக் கல்லைத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் என் காலை ஊன்றிக்கொண்டேன்.